லாக்-அவுட் செய்யாத மனிதர்

போனை எடுத்தால் எல்லோரும் ஹலோ என்பார்கள். அவர் மட்டும், "ஒண்ணும் ஆவலியே?" என்பார். பகலோ ராத்திரியோ, பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டாலும் சரி, அதுதான் முதல் வார்த்தை. "ஆயிட்டுதுண்ணா. சாம்பார்ல உப்பு ஜாஸ்தியாயிட்டுது" என்பேன் நான். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்கும். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வருவார்.

ஆளைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். நல்ல உயரம், அகன்ற மார்பு, முறுக்கிவிட்ட மீசை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவர் வந்து நின்றால், மஃப்டி போலீஸ் என்று நினைத்துப் பூக்காரம்மாக்கள் கூடையை ஓரமாக இழுத்துக்கொள்வார்கள். அந்த உடம்புக்குள் கடவுள் எதற்காக அவ்வளவு பயத்தைப் போட்டு அடைத்தாரோ தெரியாது. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவார். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் டிரைவரின் கண் தெரியுமாம், தூங்கினால் எழுப்பலாமாம். ஆபீஸ் ஜன்னலில் வந்து உட்காரும் குரங்குகளுக்குப் பயந்து டிபன் பாக்ஸைப் பையில் போட்டு, பையைக் கயிற்றால் சுற்றி, கயிற்றை மேசைக் காலில் கட்டிவைப்பார். மத்தியானம் பசி நேரத்தில் அந்த முடிச்சை அவராலேயே அவிழ்க்க முடியாது. என்னைத்தான் கூப்பிடுவார்.

நானும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என்னைவிட வயதில் பெரியவர் என்பதால் அண்ணா. அவருக்கு நான் "ஏம்மா". பக்கத்துப் பக்கத்து மேசை. பயந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பது லேசான காரியம் இல்லை. அவர் கால் ஆடினால் என் மேசையும் சேர்ந்து ஆடும். பலமுறை எரிந்து விழுந்திருக்கிறேன். ஆனால் அவரோடு சண்டை போட்டால் சண்டை நிற்காது. "கோவமா இருக்கியா? உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுக் கேட்டே நம்மைச் சிரிக்கவைத்துவிடுவார்.

ஒரு தடவை ஆபீசிலிருந்து எல்லோரும் ராஜகிரிக் கோட்டைக்கு ஏறினோம். செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பாதிப்பேர் ஏறியிருக்கமாட்டார்கள், அது வேறு. அவர் ஏறினார். மேலே போகுமுன் பெரிய பிளவு ஒன்றின்மேல் ஒரு சின்னப் பாலம் வரும். அங்கே வந்ததும் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க, நான் செருப்பு, பை எல்லாத்தையும் பாத்துக்கறேன்" என்றார். நாங்கள் உச்சியில் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது ஒவ்வொருவர் போனாக ஒலித்தது. "ஒண்ணும் ஆவலியே? ஓரத்துக்குப் போவாத." கீழே இறங்கி வந்தபோது எங்களை வரிசையாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

எங்கள் ஆபீஸ் திண்டிவனம் சாலையில், ஓர் உரக்கடைக்கு மாடியில் இருந்தது. வேலை என்னவென்றால், தூரத்தில் இருக்கிற மெஷின்களை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொள்வது. பால் குளிரூட்டும் நிலையங்கள், சில பம்பு செட்டுகள், அப்புறம் ஏரிகள். சுற்றுவட்டாரத்து ஏரிக்கரைகள் சிலவற்றில் கம்பம் நட்டு, கம்பத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் சின்னக் கம்ப்யூட்டர், ஒரு சிம் கார்டு. ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று அதற்குத் தெரியும். ஆனால் தானாகச் சொல்லாது, யாராவது லாகின் செய்து உள்ளே போய்க் கேட்டால்தான் சொல்லும். மணிக்கு ஒருதரம் மனுஷன் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? அதற்குத்தான் ஸ்கிரிப்ட். மனுஷன் செய்கிறதை வரிவரியாக எழுதி எங்கள் சர்வரிடம் கொடுத்துவிடுவது. மணி அடித்ததும் அது ஒவ்வொரு பெட்டியாக லாகின் செய்து அளவைக் கேட்கும். தண்ணீர் அபாய அளவைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தால், அந்த ஏரிக்குக் கீழே இருக்கிற ஊர்க்காரர்களின் போன்களுக்கு ஒரு பதிவுக் குரலை அனுப்பும்.

அந்த ஸ்கிரிப்டை எழுதியவர் அவர். கீழே இருக்கிற ஊர்களில் ஒன்று அவருடைய சொந்த ஊர். மேல்மலையனூர் சாலையில் பிரிந்து உள்ளே போகவேண்டும். கிறிஸ்தவர்களின் வேதக்காரத் தெரு ஒன்று, மேட்டில் மாதா கோயில், பள்ளத்தில் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் தலைக்குமேல் ஏரிக்கரை. அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு செஞ்சியில் வாடகைக்கு இருந்தார். அவர் நைனா என்று கூப்பிடுகிற அப்பா மட்டும் ஆடுகளோடு அந்தப் பள்ளத்து வீட்டில் தனியாக இருந்தார். எத்தனையோ தடவை கூப்பிட்டும் வரவில்லை. நைனாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போடுகிற ஆள்.

குரல் பதிவு செய்தது ஒரு கூத்து. முதலில் அவர்தான் பேசினார். கேட்ட முதலாளி பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். "யோவ், ஏரி ஒடைஞ்சி செத்தவன் வந்து பேசற மாதிரி இருக்குதுய்யா" என்றார். கடைசியில் என்னைப் பேசவைத்தார்கள். "ஏரி நிரம்பிக்கினு வருது. குழந்தைங்க, வயசானவங்க, ஆடுமாடு எல்லாத்தையும் இட்டுகினு இப்பவே மேட்டுக்குப் போங்க." அதை நிதானமாக, பேங்கிலிருந்து பேசுகிற பெண் மாதிரிச் சொன்னேன்.

அவர் பேசக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவரே ஒருநாள் சொன்னார். நான் வேலைக்கு வருவதற்கு முந்திய ஒரு மழைக்காலத்தில், செஞ்சியில் கொட்டிய மழையைப் பார்த்துப் பயந்துபோய் நைனாவுக்குப் போன் செய்திருக்கிறார். ஏரி உடையப்போகிறது என்று கதறியிருக்கிறார். நைனா நம்பி, தெரு முழுவதையும் கிளப்பி, பாய் தலையணை சட்டிப்பானையோடு கோயில் மேட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஏரியில் பாதிகூடத் தண்ணீர் இல்லை. அந்த வருஷம் முழுக்க நைனாவை ஊரே கிண்டல் செய்தது. அப்புறமும் ஒவ்வொரு மழைக்கும் இவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். புலி வருது புலி வருது கதைதான். நைனா ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"மழை பேஞ்சா உம் போன நான் எடுக்கமாட்டேன். மழை வுட்டாப்பால பண்ணு, பேசறேன்."

சொன்னபடியே நடந்தும் காட்டினார். தூறல் விழுந்தால் போதும், இவர் போன் அடித்து அடித்து ஓயும்.

"அதான் இந்த ஸ்கிரிப்டு" என்றார் என்னிடம். "நான் சொன்னா கேக்கமாட்டாரு. நான் இல்லாம, வேற யாரோ சொன்னா கேப்பாரு. இது ஓடியே ஆவணும்மா."

அப்போது அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கிண்டல் வரவில்லை.

ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அவர் நம்பவில்லை. மணி ஆகப்போகிறது என்றால் வாயில் இருக்கிற சோற்றை மெல்லுவதை நிறுத்திவிட்டு மானிட்டரைப் பார்ப்பார். எல்லாப் பெட்டிகளும் பதில் சொல்லிவிட்டால் மெல்ல ஆரம்பிப்பார். காலையில் வந்ததும் நெற்றியிலிருந்து நெஞ்சுக்குச் சிலுவை போட்டுக்கொண்டு, சர்வருக்குள் லாகின் செய்து, ஏரிப் பெட்டிகளைத் திறக்கிற சாவிக்கான பாஸ்வேர்டை அடிப்பார். சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, சர்வரில் இருக்கிற ஒரு கோப்பு. பாஸ்வேர்ட் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். சாயங்காலம் எல்லோரும் லாக்-அவுட் செய்துவிட்டுப் போவோம். அவர் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, லாகினை அப்படியே விட்டுவிட்டுப் போவார். பழையது இருந்தாலும் காலையில் புதிதாக ஒருதரம் லாகின் செய்வார். கேட்டால், "இருக்கட்டும்மா. ஆள் உள்ள இருக்கற மாதிரி இருக்கட்டும்" என்பார். முதலாளியும் நானும் சிரித்துக்கொள்வோம்.

ஆனால் மாதத்தில் ஒருநாள் மட்டும் ஸ்கிரிப்ட் ஓடவில்லை. அது அமாவாசை அன்று.

செஞ்சியில் இருப்பவர்களுக்கு அமாவாசையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானத்துக்குமேல் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் எந்தப் பஸ்ஸிலும் கால் வைக்க முடியாது. அதனால் எங்கள் ஆபீஸ் அன்றைக்குச் சீக்கிரம் மூடிவிடும். மூடுவதற்கு முன்னால் முதலாளி மெஷின் பூசை செய்வார். எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார். பின்னறையில் இருக்கும் சர்வரை மட்டும் அணைக்கக்கூடாது. அதன் தலையில் ஒரு பொட்டோடு சரி. அண்ணன் கிறிஸ்தவர் என்றாலும் அவர் மெஷினுக்கும் பொட்டு உண்டு, வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குப் பயம். பூசை முடிந்ததும் கூட்டம் ஏறுவதற்குமுன் பஸ் பிடித்து நைனாவைப் பார்க்க ஊருக்குப் போய்விடுவார்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், முந்தின நாள் பூசை நேரத்திலிருந்து ஒரு பெட்டியும் பதில் சொல்லியிருக்காது. பதிவில் ஒரே வரி திரும்பத் திரும்ப இருக்கும். போக முடியவில்லை, போக முடியவில்லை. அவர் பதறிப்போய் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிப் பார்ப்பார். ஜம்மென்று ஓடும். அடுத்த மணிக்குத் தானாகவும் ஓடும். இதுதான் அவரைக் கொன்றது. கெட்டுப்போன மெஷின் என்றால் திறந்து பார்க்கலாம். பார்க்கும்போது ஒழுங்காக இருந்து, பார்க்காதபோது மட்டும் கெட்டுப்போகிற ஒன்றை என்ன செய்வது?

"டவர்தான்யா" என்றார் முதலாளி. "அத்தினி ஜனம் ஒரே எடத்துல போன் பண்ணா, நம்ம பொட்டி சிம்முக்கு எங்கேர்ந்து லைன் கெடைக்கும்?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆடி அமாவாசைக்கும் அப்படியே, புரட்டாசி மகாளய அமாவாசைக்கும் அப்படியே. கூட்டம் அதிகம், டவர் திணறுகிறது, கூட்டம் கலைந்ததும் சரியாகிவிடுகிறது. மழைக்காலமும் இல்லை. அண்ணன் மட்டும் சமாதானம் ஆகவில்லை. "அம்மாவாசை அன்னிக்கு ஏரி நெறம்பாதுன்னு யாராவது எழுதிக் குடுத்துருக்காங்களா?" என்று கேட்டார்.

ஐப்பசி அமாவாசை தீபாவளியோடு வந்தது. முதலாளி பூசை போட்டு, எல்லாவற்றையும் அணைத்து, ஆபீசைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் தன் போனில் ஏரி அளவு வரும் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை. மலையனூர் கூட்டம் கலைந்து ஸ்பெஷல் பஸ்களும் நின்றுபோயின. அப்போதும் ஒன்றுமில்லை. மழை மட்டும் வந்தது. என் வீட்டில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தபோது போன் செய்தார். பின்னால் மழைச் சத்தமும் காற்றும் கேட்டது.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"கரைமேல. பொட்டி பேசலியே, அதான் நானே வந்து பாக்கறேன். அளவுக்கல்லுல முக்காவாசி மூழ்கிப்போச்சும்மா."

பாலத்தைத் தாண்டப் பயந்த மனுஷன், குடையைப் பிடித்துக்கொண்டு வழுக்குகிற ஏரிக்கரையில் நிற்கிறார் என்று நினைத்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன். இறங்குங்கள் என்று கத்தினேன். அவர் இறங்கினாரா என்று தெரிவதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டுப் பேசும்வரை நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று அன்றைக்குத் தெரிந்தது.

விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்தது. அவர் வந்தார், சிலுவை போட்டார், லாகின் செய்தார், பாஸ்வேர்ட் அடித்தார். அடுத்த மணிக்கு எல்லாப் பெட்டிகளும் பதில் சொல்லின. ஏரி தப்பித்திருந்தது, சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. எல்லோரும் டீ குடித்தோம். அவர் முகம் வெளுத்துப்போய் இருந்ததைப் பார்த்து, சிரிக்கவைக்கலாம் என்றுதான் சொன்னேன்.

"உங்க ஸ்கிரிப்டு உங்கள மாதிரியே இருக்குதுண்ணா. பக்கத்துல நீங்க இல்லன்னா பயந்துகினு வெளியவே போவாது போல."

அவர் டீயைக் கீழே வைத்தார். "இன்னா சொன்ன?"

"சும்மா சொன்னேண்ணா."

"இல்லம்மா. டவரு இல்ல அது. கூட்டம் போயும் ஓடல. நான் வந்து ஒக்காந்தப்பாலதான் ஓடுது." எழுந்து நின்றுவிட்டார். "என் மிஷின அணைச்சா என் லாகினு போயிடுது. லாகினு போனா..."

உட்கார்ந்து ஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்றினார். இதுவரை அது தோற்றுப்போனால் "போக முடியவில்லை" என்று மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தது. ஏன் என்று எழுதவில்லை. இனிமேல் ஏரிப் பெட்டி என்ன பதில் சொல்கிறதோ அதை அப்படியே எழுதும்படி செய்தார். அப்புறம் செய்யவேண்டியது ஒன்றுதான். அவர் லாக்-அவுட் செய்யவேண்டும். ஏரி நிரம்பி நிற்கிற நேரத்தில், வெளியே தூறிக்கொண்டிருக்கும்போது, வேண்டுமென்றே.

மவுஸ்மேல் அவர் கை இருந்தது. அமுக்கவில்லை.

"இந்த ஒரு மணி நேரத்துல ஏரி ஒடைஞ்சா?"

"நான் இங்கியே இருக்கறேண்ணா. ஏதாவதுன்னா கத்தறேன்."

"நீ தொடாத. எதையும் தொடாத. ஆரும் இல்லாத மாதிரி இருக்கணும்."

சிலுவை போட்டுக்கொண்டு அமுக்கினார். கீழே உரக்கடைக்கு இறங்கிப் போய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டார். என் லாகினில் பதிவைப் படிக்க மட்டும் முடியும். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மணி ஆனது. வரி விழுந்தது. டவர் கிடைத்திருந்தது, பெட்டியும் எடுத்திருந்தது. நீ யார் என்று கேட்டிருந்தது. பதில் சொல்ல ஆள் இல்லை.

இவ்வளவுதான் விஷயம். காலையில் அவர் பாஸ்வேர்ட் அடித்துத் திறந்த சாவி, அவர் லாகின் இருக்கும்வரை திறந்தே இருக்கும். ஸ்கிரிப்ட் இத்தனை நாளும் அவர் சாவியைத்தான் இரவல் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. அவர் வெளியே போனால் சாவி பூட்டிக்கொள்ளும். மற்ற எந்த ஆளாக இருந்தாலும் முதல் நாள் சாயங்காலமே லாக்-அவுட் செய்திருப்பான், மறுநாளே தப்பு தெரிந்திருக்கும். இவர் பயந்துபோய் லாகினை விட்டுவிட்டே போனதால் அமாவாசை பூசைக்கு அணைத்தபோது மட்டும் தெரிந்தது.

மேலே வந்து அந்த வரியைப் படித்தார். "அப்ப நான் பாத்துகினே இருந்ததாலதான் தெரியாம போச்சா?" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

ஸ்கிரிப்டுக்கென்று தனிச் சாவி செய்தார். அதற்குப் பாஸ்வேர்ட் கிடையாது. பாஸ்வேர்ட் இல்லாத சாவி என்றதுமே அவருக்கு வேர்த்தது. அதனால் அந்தச் சாவியால் ஏரி அளவைப் படிக்கமட்டும்தான் முடியும், வேறு எதையும் தொட முடியாது என்று ஒவ்வொரு பெட்டியிலும் கட்டுப்பாடு போட்டார். கூப்பிடவேண்டிய எண்களில் முதலில் தன் எண்ணையும் கடைசியில் என் எண்ணையும் சேர்த்தார். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் வந்தால் நடுவில் எல்லோருக்கும் போய்விட்டது என்று அர்த்தமாம். அன்று சாயங்காலம் லாக்-அவுட் செய்து, மெஷினையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்து பார்த்தால் ஒரு மணிகூட விடாமல் ஓடியிருந்தது. எல்லோரும் கைதட்டினோம். அவர் அந்தப் பதிவை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்துவிட்டு, "நான் இல்லாமயே ஓடுது" என்றார். சந்தோஷமா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல் அது.

கார்த்திகை அமாவாசைக்கு முந்தின நாளே மழை பிடித்துக்கொண்டது. ராஜகிரி மலையே ஜன்னலில் தெரியவில்லை. மேகம் மூடியிருந்தது. முதலாளி வழக்கம்போலப் பூசை போட்டார். மழையில் பூசணிக்காய் உடைத்த குங்குமத் தண்ணீர் படிக்கட்டெல்லாம் ஓடியது. அண்ணன் லாக்-அவுட் செய்தார். இந்தத் தடவை கை தயங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டார்.

"இந்த மழையில எங்கண்ணா?"

"நைனாவக் கையோட இட்டாந்துடறேன். காலையிலேர்ந்து அடிக்கறேன், எடுக்கல. மழையாச்சே, எப்பிடி எடுப்பாரு?" என்று சிரிக்கப் பார்த்தார். "ஸ்கிரிப்டு பாத்துக்கும். இருந்தாலும்..."

இருந்தாலும் என்பதற்குமேல் அவர் சொல்லவில்லை. அதுதான் நான் அவரை நேரில் பார்த்த கடைசித் தடவை.

அந்தி நேரத்தில் வீட்டில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன். என் போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றேன். மறுமுனையில் நானே பேசினேன். "ஏரி நிரம்பிக்கினு வருது. குழந்தைங்க, வயசானவங்க..." ஸ்கிரிப்ட் ஓடியிருக்கிறது. ஆபீஸ் பூட்டியிருக்க, யாருமே இல்லாமல், கடைசி எண்வரை கூப்பிட்டிருக்கிறது. உடனே அவருக்கு அடித்தேன். வேறு அழைப்பில் இருக்கிறார் என்று வந்தது. மறுபடி அடித்தேன். வேறு அழைப்பு. மறுபடியும் அதேதான். யாரோடு இவ்வளவு நேரம் பேசுகிறார் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. அப்புறம் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவலியே, ஒண்ணும் ஆவலியே" என்று சுவரைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தேனாம், வீட்டில் சொன்னார்கள்.

விடிந்ததும் முதலாளியின் ஜீப்பில் போனோம். சாலை பிரிகிற இடத்துக்கு மேல் ஜீப் போகவில்லை, நடந்தோம். ஏரிக்கரையில் ஒரு பக்கம் திறந்த வாயாகக் கிடந்தது. பள்ளத்துத் தெருவில் கூரைகள் மட்டும் தெரிந்தன. கோயில் மேட்டில் ஊரே இருந்தது. குழந்தைகள், வயதானவர்கள், ஆடுமாடுகள், டிவிப் பெட்டிகள். ஒருவர் தவறவில்லை என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரைத் தேடினேன். காணவில்லை.

முந்தின நாள் அவரோடு பஸ்ஸில் வந்து, எங்களைப் போலவே விடிந்ததும் நடந்து வந்துசேர்ந்த ஓர் அம்மாள் சொன்னாள். தண்ணீர் ரோட்டின்மேல் ஏறிவிட்டதால் வழியிலேயே பஸ் நின்றுவிட்டது. பொழுது சாயும்வரை அங்கேயே நின்றது. அப்போது அவர் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டவர், "ஓடிச்சி! ஓடிச்சி!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு யாருக்கோ போன் செய்தார். எடுக்கவில்லை போலிருக்கிறது. திரும்பத் திரும்ப அடித்தார்.

"எல்லாருக்கும் போனு போயிருக்கும், ஆனா எங்க நைனா எழுந்து போனாரான்னு தெரியலியே, போனாரான்னு தெரியலியேன்னு சொல்லிகினே எறங்கிட்டாரும்மா. கண்டக்டரு கையப் புடிச்சி இழுத்தாரு. நிக்கல."

நைனா கோயில் சுவரோரம், ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சட்டை ஈரமாக இருந்தது. நான் பேசியதும் நிமிர்ந்து பார்த்தார். குரல் தெரிந்திருக்கிறது.

"நீதானா அந்தப் பொண்ணு? நீ சொன்ன ஒடனே கெளம்பிட்டேம்மா. ஆட்ட அவுத்துகினு மொத ஆளா வந்தேன்."

மடியிலிருந்து போனை எடுத்தார். சின்ன பட்டன் போன். திரை முழுக்க ஒரே பெயர், ஒன்றின்கீழ் ஒன்றாக.

"அப்பாலதான் அவன் கூப்ட்டான். அடிச்சிகினே இருந்தான். மழைன்னா அவன் அப்பிடித்தானே? நாந்தான் மேட்டுக்கு வந்துட்டனே, இனிமே இன்னாத்துக்கு எடுக்கறதுன்னு வுட்டுட்டேன். எடுத்தா அவனத் திட்டியிருப்பேன்."

பள்ளத்தில், அவர் வீடு இருந்த பக்கம், பரிசலில் போனவர்கள் கோலால் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். நைனா அந்தப் பக்கம் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்டறதுக்காவது எடுத்திருக்கலாம்மா" என்றார்.